சத்தர்பூர் வீட்டுத் தளங்கள் ஏன் வெடித்தன? ஒரு நிகழ்வு ஆய்வு

தெற்கு தில்லியின் சத்தர்பூர் பகுதியில் உள்ள ஒரு தனிவீடு இந்த ஆய்வின் பொருள். வீட்டுக்காரர்கள் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்த் தம்பதி. ஐயாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். தண்ணீரில் நடந்து பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காக 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு சிறிய நீச்சல் குளம் கட்டினார்கள். அதோடு கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 15 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் வண்டிப் பாதை, மாலையில் உட்காரச் சமையலறைக்குப் பின்னால் ஒரு முற்றம், குளத்தைச் சுற்றி ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் நடைதளம். மூன்றும் 2024 மே மாதக் கடைசி வாரத்துக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில் போடப்பட்டவை. அக்டோபரில் என்னை அழைத்தபோது மூன்றும் மூன்று விதமாகக் கெட்டிருந்தன.

அம்மாவின் முதல் கேள்வி இதுதான்: "தம்பி, சிமெண்டில் ஏமாற்றிவிட்டார்களா? அதை மட்டும் சொல்லுங்கள்."

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் சந்தேகம் தவறான இடத்தில் விழுந்திருந்தது. சிமெண்ட் நல்ல சிமெண்ட்தான். கம்பியில் குறை வைக்கவில்லை. ஜல்லியும் மணலும் தரமானவை. இத்தனை இருந்தும் தளம் வெடித்ததற்குக் காரணங்கள் கொட்டிய அன்றைய முதல் சில மணி நேரத்திலும், அதற்கு அடுத்த பத்து நாட்களிலும், தளத்துக்குக் கீழே யாரும் பார்க்காத மண்ணிலும் இருந்தன. அனல்காற்று வீசும் ஊரில் தரைத் தளத்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. பணமோ மேலே கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே போகிறது.

கிடைத்த சான்றுகள்

ஆய்வுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆவணம் மேஸ்திரியின் கைப்பேசி. விழுப்புரம் பக்கத்துக்காரர், பல காலமாகத் தில்லியில், திரிலோக்புரியில் குடியிருக்கிறார். ஒப்பந்தக்காரருக்கு அன்றாடம் படம் அனுப்பும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருந்தது. காலை பத்தரைக்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது, மாலை மூன்றரைக்கு வண்டிப் பாதையின் கடைசிப் பகுதி மட்டமாக்கப்பட்டது, மறுநாள் காலை எட்டுக்குத்தான் முதல் ஈரச் சாக்கு விரிக்கப்பட்டது என்பதெல்லாம் அதிலிருந்து தெரிந்தது. கட்டட வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படிப் படம் எடுத்து வைத்தால் பாதி வழக்குகள் நீதிமன்றம் போகாமலே தீர்ந்துவிடும்.

அடுத்ததாக, விரிசல்களைச் சாக்பீஸால் பின்தொடர்ந்து வரைபடமாக்கினோம். வண்டிப் பாதையில் மூன்று இடங்களில் உருளை வடிவில் கான்கிரீட் துளைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கேட்ட தரம் எம் 20 (எண் கூடக் கூட வலிமை கூடும்). இப்படித் துளைத்தெடுத்த மாதிரிகளின் சராசரி வலிமை அந்தத் தரத்தின் கனசதுர மாதிரிக் கட்டிக்குரிய வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456:2000-இன் விதி. மூன்றும் தாராளமாகத் தேறின. அம்மாவின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த உருளைகள் வலிமையைவிட முக்கியமான ஒன்றைக் காட்டின. முதல் உருளை, குட்டையான சாய்ந்த விரிசல் ஒன்றின் மேல் துளைத்தது. விரிசல் மேலே அகலமாகத் தொடங்கி, பாதி ஆழத்துக்குள் மெலிந்து மறைந்தது. வழியில் குறுக்கிட்ட ஜல்லிக் கற்களைச் சுற்றி வளைந்து போயிருந்தது. இரண்டாவது உருளை, பாதையின் அகலம் முழுவதும் குறுக்கே ஓடிய விரிசலில் எடுத்தது. அதில் விரிசல் அடிவரை நேராக இறங்கி, கற்களையே இரண்டாகப் பிளந்திருந்தது. கல்லைச் சுற்றிப் போன விரிசல், சாந்து இறுகுவதற்கு முன்பே, கொட்டிய சில மணி நேரத்துக்குள் வந்தது. கல்லை உடைத்துப் போனது, கான்கிரீட் கெட்டியான பிறகு வாரங்களோ மாதங்களோ கழித்து வந்தது. ஒரே பாதையில் இரண்டு வேறு நோய்கள். இரண்டுக்கும் மருந்தும் வேறு.

அந்த வாரத்து வெயில்

தில்லி பாலைவனம் அல்ல. ஆனால் மே, ஜூன் மாதங்களில் மேற்கே தார் பாலைவனத்துப் பக்கமிருந்து வரும் 'லூ' என்ற அனல்காற்று இந்த ஊரைப் பாலைவனமாகவே ஆக்கிவிடுகிறது. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. வண்டிப் பாதை கொட்டப்பட்டது அந்த வாரத்தில்தான்.

காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினாலே அது வெப்பக் காலக் கான்கிரீட் வேலை என்று ஐ.எஸ். 7861 முதல் பகுதி வரையறுக்கிறது. அப்படிப்பட்ட வேலைக்குத் தனி முன்னேற்பாடுகள் வேண்டும். இங்கே ஒன்றுகூட இல்லை. ஜல்லிக் குவியல் திறந்த வெயிலில் கிடந்தது. கலவைத் தண்ணீர் மொட்டைமாடியில் இருந்த கருப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து வந்தது. கை வைத்தால் சுட்டது என்று மேஸ்திரியே சொன்னார்.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கான்கிரீட்டின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைக்க, சிமெண்டை ஏறத்தாழ 8 டிகிரி குளிர்விக்க வேண்டும். அல்லது தண்ணீரை 4 டிகிரி. அல்லது ஜல்லி மணலை 2 டிகிரி. எடையில் பெரும்பங்கு ஜல்லியும் மணலும் என்பதால்தான் இப்படி. ஆகவே ஜல்லிக் குவியலுக்கு மேல் ஒரு நிழல் வலை கட்டி, முந்தின இரவே தண்ணீர் தெளித்து வைப்பதே மலிவான, பலனுள்ள வழி. அதன் பிறகுதான் பனிக்கட்டிப் பாளத்தை உடைத்துக் கலவைத் தண்ணீரில் போடும் யோசனை. பனிக்கட்டி உருகும்போதே நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் குளிர்ந்த தண்ணீரைவிட அது பல மடங்கு பலன் தரும். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் செலவு, இந்த வீட்டின் கேட் விளக்குக்கு ஆன செலவைத் தாண்டியிருக்காது.

காற்று குடித்த தண்ணீர்

வெயிலை எல்லாரும் குறை சொல்கிறார்கள். காற்றை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கொட்டிய கான்கிரீட்டில் கனமான கற்கள் கீழே படியப் படிய, கொஞ்சம் தண்ணீர் மேலே கசிந்து வரும். அந்த ஈரம்தான் தளத்தின் முகத்தைக் காக்கிறது. கசிந்து வருவதைவிட வேகமாகக் காற்று அதை உறிஞ்சிவிட்டால், முகம் சுருங்கும். அடியில் இருப்பது இன்னும் இளகிய நிலையில் இருக்கும். சுருங்கும் முகத்துக்கு இழுவிசையைத் தாங்கும் பலம் அந்த வேளையில் துளியும் இல்லை. கிழிந்துவிடும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் நிலை வந்தால் இந்த ஆபத்து நிச்சயம் என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம்.

அன்றைய நிலையை அதிகம் கூட்டிச் சொல்லாமல், காற்று 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம், கான்கிரீட் 36 டிகிரி, காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, வழக்கிலுள்ள சூத்திரத்தில் கணக்கிட்டேன். சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 2 கிலோ வந்தது. எல்லைக்கு இரு மடங்கு. பாதையின் பரப்பு 52 சதுர மீட்டர். தளம் முழுவதும் திறந்து கிடந்த நேரத்தில் மணிக்கு நூறு லிட்டர் தண்ணீரைக் காற்று குடித்திருக்கிறது. அதே சூத்திரத்தில் விடியற்கால நிலையைப் போட்டால், அதாவது 29 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம், மணிக்கு 5 கிலோமீட்டர் காற்று என்றால், 0.4 கிலோதான் வருகிறது. ஊரும் ஆட்களும் கலவையும் அதேதான். கடிகாரத்தை மாற்றினால் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

துபாயிலும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸிலும் கோடையில் இரவிலும் விடியலுக்கு முன்பும் கான்கிரீட் கொட்டுவது இதனால்தான். தில்லிக்கு அது இன்னும் எளிது. பகலில் பல சாலைகளில் கனரக வண்டிகளுக்கு அனுமதியில்லாததால் ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரிகள் இரவில்தான் தாராளமாக ஓடுகின்றன. ஆனாலும் நாள்காட்டியைப் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். 2024 ஜூன் 19 அன்று சஃப்தர்ஜங்கில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. அப்படிப்பட்ட இரவில் விடியல்கூடக் கைகொடுக்காது.

மேஸ்திரியிடம் கேட்டேன், "அண்ணே, வெடிப்பை முதலில் எப்போது பார்த்தீர்கள்?"

"அன்றைக்குச் சாயங்காலமே பார்த்துவிட்டேன் சார். கேட் பக்கத்தில் ஆரம்பித்தது. கரணையால் தேய்த்து மூடினேன். அரை மணி நேரத்தில் பக்கத்திலேயே வேறொன்று வந்தது."

அவர் சொன்னது படங்களில் அப்படியே இருந்தது. ஒன்றுக்கொன்று இணையாக, ஓரங்களைத் தொடாமல், சாய்வாக, ஒன்றிரண்டு அடி இடைவெளியில் வந்த விரிசல்கள். காற்று வந்த மேற்குப் பக்கத்தில் அவை அதிகம். மதில் சுவரின் மறைவில் இருந்த பகுதியில் ஏறக்குறைய இல்லை. அந்த மதில் மறைவு எனக்குப் பெரிய சான்று. மேற்கே ஆளுயரத்துக்கு ஒரு தட்டியோ தார்ப்பாயோ கட்டியிருந்தால் பாதி விரிசல் வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மே மாதத்தில்தான் தில்லி வளர்ச்சி ஆணையம் தன் பணியிடங்களில் தொழிலாளர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஊதியத்தோடு ஓய்வு அளித்தது. இந்த வீட்டில் அதே நேரத்தில் ஆட்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கலவை சுமந்தார்கள். கான்கிரீட்டுக்கு ஆகாத நேரம் மனிதனுக்கும் ஆகாது. நேரத்தை மாற்றியிருந்தால் இருவருக்குமே நல்லது நடந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் மேஸ்திரிக்குக் கொடுக்கப்படவில்லை. அவரைக் குற்றவாளியாக்க நான் தயாரில்லை.

வெட்டாத ஜாயின்ட்

குறுக்கே ஓடிய பெரிய விரிசல்கள் இரண்டு. கேட்டிலிருந்து ஐந்து மீட்டர் அளவில் ஒன்று, பத்து மீட்டர் அளவில் ஒன்று. 15 மீட்டர் பாதையை ஒரே பாளமாகப் போட்டிருந்தார்கள். அசைவுக்கு இடம் தரும் இணைப்பு வெட்டான ஜாயின்ட் ஒன்றுகூட இல்லை. கான்கிரீட் தானே அளந்து தனக்கு வேண்டிய இடத்தில் வெட்டிக்கொண்டது.

உலரும்போது கான்கிரீட் மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சுருங்கும். 15 மீட்டருக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல். இது போதாதென்று தில்லியின் வெப்ப வேறுபாடு வேறு. கோடைப் பிற்பகலில் தளத்தின் உடல் 50 டிகிரிக்குப் போகிறது. ஜனவரி விடியலில் 5 டிகிரிக்கு இறங்குகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளம் மாறும் என்று கொண்டால், அதுவும் 15 மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். இவ்வளவு அசைவை எந்தக் கம்பியும் தடுத்து நிறுத்தாது. அசைவுக்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது எடுத்துக்கொள்ளும்.

தளத்தின் தடிமனைப்போல் 24 முதல் 30 மடங்கு தூரத்தில் ஜாயின்ட் வருவது நல்லது. இங்கே தடிமன் 125 மில்லிமீட்டர். மூன்றிலிருந்து மூன்றேமுக்கால் மீட்டருக்கு ஒன்று வேண்டும். தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு இயந்திரத்தால் வெட்டினால் போதும். ஆனால் வெயில் காலத்தில் அதை மறுநாள் வெட்டலாம் என்று விட்டுவிடக் கூடாது. வெட்டும்போது ஓரம் உதிராத அளவுக்குத் தளம் இறுகியவுடனே வெட்ட வேண்டும். பெரும்பாலும் அன்றே.

கம்பியைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. "எட்டு மில்லிமீட்டர் கம்பி, இரண்டு பக்கமும் போட்டிருக்கிறார்கள், நானே நின்று பார்த்தேன்" என்றார். உண்மைதான். ஆனால் மூன்றாவது உருளையில் கம்பி அடியிலிருந்து விரல் தடிமன் உயரத்தில்கூட இல்லை. கம்பியைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் மண்மேல் பரப்பி, அதன்மேல் ஆட்கள் நடந்து கலவை கொட்டியிருக்கிறார்கள். தரைத் தளத்தில் கம்பியின் வேலை, வந்த விரிசல் விரியாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு அது மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். அடியில் கிடந்த கம்பி துருப்பிடிப்பதைத் தவிர வேறு வேலை செய்யாது.

தண்ணீர் லாரி

கேட்டை ஒட்டிய மூலை முற்றிலும் உடைந்து இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. இதற்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை.

தளம் போடுவதற்கு முன் அந்த இடத்தில் குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் பள்ளம் தோண்டி மூடியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணோடு உடைந்த செங்கல், சிமெண்ட் மூட்டை, மரத்துண்டு எல்லாவற்றையும் தள்ளி, மேலே ஒரு முறை தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டார்கள். மிதித்து இறுக்கவில்லை. அந்தப் பகுதி மண் வண்டலும் மணலும் கலந்தது. அதைச் சரியான ஈரத்தில், 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு இறுக்கினால் அருமையான அடித்தளம். இறுக்காமல் விட்டால் முதல் மழையில் அமுங்கும்.

அதன்மேல் ஏறியது தண்ணீர் லாரி. சத்தர்பூரில் வீடு கட்டியவர்களுக்கு லாரித் தண்ணீர் இல்லாமல் வாழ்க்கை இல்லை; குளத்தை நிரப்பவும் அதுதான். 10,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீரே 10 டன். வண்டியின் எடை தனி. கார் நிற்பதற்கென்று போட்ட 125 மில்லிமீட்டர் தளத்தின் மூலையில், கீழே பொள்ளல் மண்ணின்மேல், பின்சக்கரம் ஏறினால் அது உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒப்பந்தக்காரரிடம் லாரி உள்ளே வரும் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வண்டிப் பாதை போடும் எவரும் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்த வண்டி இந்தக் கேட்டுக்குள் வரும் என்பதைத்தான்.

பின்முற்றம்

முற்றத்தில் விரிசல் குறைவு. வீட்டு நிழல் அதைக் காத்தது. ஆனால் முகம் அப்பளம்போல் உரிந்துகொண்டிருந்தது. வீட்டுச் சாவியால் கீறினேன். வெள்ளைத் தூள் வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவாகவே இருந்தது, மணல் துகள் ஒன்றுகூட இல்லை. சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போனபோது சில இடங்களில் கணீரென்றும், நடுவில் ஒரு பெரிய பகுதியில் பொக்கென்றும் கேட்டது. பொக்கென்று கேட்ட இடத்தில் உளியை லேசாகச் செருகியதும் மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தகடு அப்படியே எழுந்து வந்தது.

காரணம் மேஸ்திரி சொல்லாமலே புரிந்தது, அவரும் மறைக்கவில்லை. மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிட்டதால், தேய்த்து மட்டமாக்கும் மணியாசுக் கட்டை ஓடவில்லை. கையால் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார்கள். தண்ணீர் கூடிப்போன இடத்தில் உலர் சிமெண்ட் தூவி மறுபடி தேய்த்தார்கள். பளபளவென்று வந்தது. வீட்டுக்காரர்களும் பாராட்டினார்கள். தெளித்த தண்ணீர் மேல்தோலின் பலத்தைக் குறைத்தது. தூவிய சிமெண்ட் அடிக் கான்கிரீட்டோடு ஒட்டாமல் தனித் தோலாக இறுகியது. வெளித்தளத்துக்குப் பளபளப்பு எதற்கு? மழையில் வழுக்கத்தான் உதவும். துடைப்பத்தால் இழுத்த சொரசொரப்பான முகமே வெளியில் நல்லது. முழங்கால் நோயாளி நடக்கும் வீட்டில் இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

கான்கிரீட்டை நாள்கணக்கில் ஈரமாக வைத்து இறுகவிடும் கியூரிங்கும் அரைகுறை. ஐந்து நாட்கள், காலையும் மாலையும் குழாயால் தெளித்திருக்கிறார்கள். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் குறைந்தது 10 நாட்கள் ஈரம் வேண்டும், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற சிமெண்டாக இருந்தால் 14 நாட்களாக நீட்டுவது நல்லது என்கிறது ஐ.எஸ். 456. இங்கே போட்டது பி.பி.சி. காலையில் தெளித்த தண்ணீர் மே மாதத்தில் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். நனைந்து காய்ந்து நனைவது தொடர்ந்து ஈரமாக இருப்பதற்கு ஈடாகாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். வாட்டமுள்ள, அதாவது சரிவான, தளத்தில் அது நிற்காது என்றால் ஈரச் சாக்கு விரித்து அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தலாம். தாள் போர்த்தினால் தண்ணீர்ச் செலவும் வெகுவாகக் குறையும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

குளத்தைச் சுற்றி

குளத்தளத்தில் மூன்று தவறுகள்.

முதலாவது, தளத்துக்கும் குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் இடையில் இடைவெளியே விடவில்லை. குளத்தின் சுவர் ஆழத்தில் ஊன்றி நிற்கிறது. உள்ளே தண்ணீர் இருப்பதால் அதிகம் சூடாவதுமில்லை. தளமோ மண்ணின்மேல் மிதந்து, வெயிலில் விரிந்து, மழையில் அமுங்கி எழுகிறது. இரண்டையும் ஒட்டிவைத்தால் தளம் விரியும்போது விளிம்புக் கல்லை நெம்பும். தெற்கு மூலையில் இரண்டு கற்கள் பெயர்ந்திருந்தன. அதற்குக் கீழே குளத்தின் ஓடு ஒன்றும் வெடித்திருந்தது.

இரண்டாவது, வாட்டம். 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஊரே மூழ்கிய அந்த நாளில் இந்த வீட்டுக் குளத்தில் தோட்டத்துச் சேறு முழுவதும் வந்து இறங்கியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தளத்தின் இரண்டு பக்கம் குளத்தை நோக்கியே சாய்ந்திருந்தது. ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் வெளிப்பக்கம் சாய்ந்து, ஓரத்தில் ஒரு வடிகால் இருந்திருக்க வேண்டும். பாலைவன நாடுகளின் வழிகாட்டிகளை மட்டும் படித்துவிட்டுத் தில்லியில் வேலை செய்ய முடியாது என்பதற்கு இந்த மழையே சாட்சி. இங்கே ஜூன் கடைசி வரை பாலைவனம். அதன் பிறகு மூன்று மாதம் வேறொரு நாடு.

மூன்றாவது, நிறம். அழகுக்காகக் கரும்சாம்பல் நிறப்பொடி கலந்திருந்தார்கள். கோடைப் பிற்பகலில் கருநிறத் தளம் 60 டிகிரியைத் தாண்டும். வெறுங்காலில் நிற்கவே முடியாது. ஐயா குளத்துக்குச் செருப்போடு போய், விளிம்பில் கழற்றி, வழுக்கும் கல்லில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். யாருடைய காலுக்காகக் குளம் கட்டப்பட்டதோ அவருக்கே அது ஆபத்தாக இருந்தது. இந்த வீட்டில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். விரிசலோடு பத்து வருடம் வாழலாம். இதோடு ஒரு வாரம்கூட வாழக் கூடாது.

சீரமைப்பு

உடனே தொடங்க முடியவில்லை. நவம்பரில் காற்று மாசு ஏறி, 15-ஆம் தேதி காற்று மாசைக் கட்டுப்படுத்தும் படிநிலைத் திட்டமான கிராப்பின் மூன்றாம் கட்டம், 18-இல் நான்காம் கட்டம் என்று கட்டட வேலைகளுக்குத் தடை வந்தது. தில்லியில் கான்கிரீட்டுக்கு ஏற்ற இரண்டு பருவங்களில் ஒன்று இப்படிப் பறிபோகிறது. பலர் வெயிலிலேயே வேலையை முடிக்க அவசரப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிப்ரவரி, மார்ச்தான் எஞ்சுகிறது. அதற்காகக் காத்திருந்தோம்.

கோட்டா கல்லை மேலே பதித்து எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே அசையும் விரிசல் ஓராண்டுக்குள் கல்லையும் அதே கோட்டில் உடைத்துவிடும். முழுவதையும் இடித்துப் போடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். அதற்கும் தேவையில்லை. குட்டை விரிசல்கள் அசைவதில்லை. அவற்றில் மெல்லிய எபாக்ஸிப் பசை ஊற்றி நிரப்பினோம். குறுக்கு விரிசல்கள் இரண்டையும் நேராக வெட்டி அகலமாக்கி, ரப்பர்போல் இழுபடும் பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்பி, ஜாயின்டாகவே ஏற்றுக்கொண்டோம். மிச்சமிருந்த நீளமான பாளங்களில் நடுவே புதிதாக வெட்டு போட்டோம்.

கேட்டை ஒட்டிய நாலரை மீட்டர் மட்டும் முழுதும் எடுக்கப்பட்டது. பள்ளத்து மண்ணை அள்ளி வெளியே போட்டு, அடுக்கடுக்காக இறுக்கி, 150 மில்லிமீட்டர் ஜல்லிப் படுகை அமைத்து, 200 மில்லிமீட்டர் தடிமனில் எம் 30 ரெடிமிக்ஸ் போட்டோம். கனமீட்டருக்கு 900 கிராம் பாலிபுரொப்பிலீன் இழை சேர்த்தோம். முதல் நாள் விரிசலுக்கு அது நல்ல காப்பு. கம்பி கவர் பிளாக்கின் மேல் உயர்ந்து நின்றது. கொட்டும் முன் படுகையை நனைத்தோம், குட்டை நிற்காத அளவுக்கு. பின்னிரவில் லாரி வந்தது, விடியும் முன் துடைப்பம் இழுத்து முடிந்தது, முகம் கைரேகை பதியாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கும் தாளும் ஏறின. 14 நாட்கள் அவை இறங்கவில்லை. மேஸ்திரி தினமும் படம் அனுப்பினார். இந்த முறை எனக்கும் சேர்த்து.

முற்றத்தின் பலவீனமான தோலை அரைக்கும் இயந்திரத்தால் முழுவதும் எடுத்துவிட்டு, மேற்பரப்பைக் கெட்டியாக்கும் சிலிக்கேட் திரவம் பூசினோம். பளபளப்பு போய்விட்டது. மணல் துகள் தெரியும் முகம் வந்தது. குளத்தளத்தில் கல்லுக்கும் தளத்துக்கும் இடையில் சுற்றிலும் 12 மில்லிமீட்டர் வெட்டி, நுரைக் கயிறு செருகி, மேலே சீலண்ட் இட்டோம். பெயர்ந்த கற்கள் மறுபடி பதிக்கப்பட்டன. சாய்வு தவறிய இரண்டு பக்கமும் இடித்துப் போடப்பட்டன, வெளுத்த நிறத்தில், வடிகாலோடு. எஞ்சிய பக்கங்களுக்கு வெள்ளை நிறப் பூச்சு. படிக்கட்டருகே ஒரு கைப்பிடியும் வைக்கச் சொன்னேன்; அது கான்கிரீட் கணக்கில் சேராது.

செலவைப் பங்கிடுவதில் நான் சொன்னதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டார்கள். குளத்தளம், முற்றம், விரிசல் நிரப்புதல், குழாய்ப் பள்ளத்தை இறுக்குதல் ஆகியவை ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கேட் பகுதியில் கூடுதல் தடிமனுக்கும் எம் 30-க்கும் ஆன செலவு வீட்டுக்காரருடையது, ஏனென்றால் லாரி வரும் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது லாரி புதிய பாளத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து குழாய் போட்டுக் குளத்தை நிரப்புகிறார்கள்.

2025 கோடையும் மழையும் கழிந்த பின் ஒருமுறை போய்ப் பார்த்தேன். புதிய பாளத்தில் விரிசல் இல்லை. எபாக்ஸி நிரப்பிய இடங்கள் அப்படியே இருக்கின்றன. பத்து மீட்டர் ஜாயின்டில் மட்டும் சீலண்ட் ஒரு பக்கம் முழம் நீளத்துக்கு ஒட்டு விட்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஓரங்களைத் தூசி நீக்கி, மறுபடி நிரப்ப மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். குளிர் உச்சத்துக்குப் போய் ஜாயின்ட் முழுதாக விரிவதற்கு முன், வெயில் தணிந்த நவம்பர் முதல் வாரத்தில் அதைச் செய்வதாக ஏற்பாடு.